பிரைட் ஏஞ்சல் பாதைக்கு வழி சொன்ன அம்மாவுக்கு நன்றி

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவின் தென்விளிம்பில், ஷட்டில் பேருந்தில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவருக்கு இந்த நன்றி. பெயர் தெரியாது.

மறுநாள் பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கப்போகிறோம் என்றதும், எங்கள் வரைபடத்தை வாங்கி மடியில் விரித்துக்கொண்டார். மலையில் கஷ்டம் முதலில் வரும், பள்ளத்தாக்கில் கடைசியில் வரும் என்றார். இறங்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு வைக்கச் சொன்னார். பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் கொலராடோ ஆறுவரை போய் ஒரே நாளில் திரும்பும் எண்ணமே கூடாதாம். உயர வித்தியாசம் 1,300 மீட்டருக்கும் மேல். பூங்கா நிர்வாகமும் அதையேதான் எச்சரிக்கிறது. கீழே போகப்போக வெக்கை கூடும் என்பதால், கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை நடக்கவே வேண்டாம் என்றார்.

எனக்கு அதிகம் உதவியது தண்ணீர் விஷயம்தான். பாதைக்கு நீர் தரும் குழாய் பழசு, அடிக்கடி உடையும். அன்று காலை அறிவிப்பைப் பார்க்காமல் இறங்காதீர்கள் என்றார். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும், உப்புத் தீனியும் வேண்டும் என்றார். (என் கணவருக்கு இந்த அறிவுரை மட்டும் உடனே பிடித்துவிட்டது.) கோவேறு கழுதைகள் வந்தால், ஓட்டுபவர் காட்டும் பக்கம் ஒதுங்கி அசையாமல் நிற்க வேண்டுமாம்.

மூன்று மைல் ஓய்விடத்தோடு திரும்பினோம். மேலே வந்தபோது கால் நடுங்கியதே தவிர வேறு குறையில்லை. ரொம்ப நன்றி அம்மா.