நாயனக் கசற்றுகள்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

திருகோணமலையில் சல்லி, தம்பலகாமம், மூதூர், உவர்மலை என்று நாலா பக்கமிருந்தும் கோயில் திருவிழாக் கசற்றுகளைத் தந்தவர்களுக்கும், அவற்றைக் கணினியில் ஏற்ற உதவியவர்களுக்கும் வணக்கம். பொதுவாக ஒரு நன்றி சொல்லிவிட்டால் யார் என்ன செய்தார் என்பது மறைந்துபோகும். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி, கசற்றைப் போட்டுப் பார்க்காமல் அப்படியே தந்தவர்களுக்கு. கடற்கரை வீடுகளில் மாரி ஈரம் அலுமாரிக்குள்ளும் புகும். கசற்றின் கண்ணாடியூடாகப் பார்த்தால் நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரியும், அது பூஞ்சணம். அப்படியே ஓடவிட்டால் ஒட்டிய சுற்றில் நாடா அறும், பூஞ்சணம் நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் அதை இழுக்கும் றோலரிலும் ஏறி அடுத்த கசற்றுக்கும் போகும்.

பாமசித் தங்கச்சி 99 வீத ஐசோபுரோபைல் அல்கஹோல் தேடித் தந்தார். 70 வீதத்தில் மிச்சம் தண்ணீர், ஹெட் துடைக்க அது உதவாது. மாத்திரைப் போத்தல்களில் வரும் சிலிக்கா ஜெல் பைகளையும் சேர்த்து வைத்திருந்தார். பிஸ்கற் ரின்னுக்குள் அந்தப் பைகளோடு சில நாள் மூடி வைத்த பிறகுதான் பூஞ்சணக் கசற்றுகளில் கை வைத்தோம்.

றேடியோ திருத்தும் அண்ணருக்குப் பட்ட கடன் பெரிது. கசற் போடும் டெக்கின் பெல்ட் தாராக உருகிப் புல்லியில் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, புல்லிகளைச் சுற்றி நூல் விட்டு அளந்து, அந்த அளவைவிட 5 வீதம் சிறிய பெல்ட் போட்டார். பெல்ட் தளர்ந்தால் நாயனத்தின் நீண்ட கார்வை நடுங்கும். ஹெட்டின் சரிவைத் திருத்தக் காட்டித் தந்ததும் அவர்தான். ஹெட்டுக்குப் பக்கத்தில் சுருள்வில்லோடு ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். இரண்டு சனலையும் ஒன்றாக்கி வைத்துக்கொண்டு, கசற் ஓட ஓட அந்த ஸ்குரூவை மெல்ல அங்குமிங்கும் திருப்ப வேண்டும். தாளத்தின் ‘கிணிங்’ எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு கசற்றும் ஒவ்வொரு றெக்கோடரில் பதிந்தது, ஆகவே ஒவ்வொன்றுக்கும் இதைத் திரும்பச் செய்யத்தான் வேண்டும். இரைச்சலைப் பிறகு கணினியில் குறைக்கலாம். ஹெட் சரிவால் போன கூர்மையைக் கணினியில் வரவழைக்க முடியாது.

தையல் அக்காவின் சாவணமும் பொறுமையும் இல்லாவிட்டால் பாதிக் கசற் ஊமைதான். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சு பசை காய்ந்து விழுந்துவிடும். சத்தம் மங்கிப் போகும். வெற்றுக் கசற்றிலிருந்து பஞ்சைக் கழற்றி ஒட்டினார். அறுந்த நாடாக்களைச் சரிவாக வெட்டி, ஹெட்டில் படாத உட்பக்கத்தில் ஒட்டினார். செலோரேப் மட்டும் வேண்டாம், அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றையும் பிடிக்கும்.

மேளக்காரப் பெரியவர் ஒருவர் ஹெட்போனை மாட்டிய சிறிது நேரத்திலேயே, “அந்தக் குழுவின் நாயனம் இரண்டு கட்டை. இதில இரண்டரை கேக்குது” என்றார். கட்டை என்பது சுருதியின் அளவு. இங்கே அரைக்கட்டை என்றால் ஏறத்தாழ 6 வீத வேகம். திருவிழாவில் பதியும்போது பற்றறி இறங்கி மோட்டர் மெதுவாகச் சுற்றினால், இன்று சரியான வேகத்தில் போடும்போது சுருதியும் நடையும் சேர்ந்து ஏறும். ஓடாசிற்றி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் வேகத்தை 0.944 ஆக்கியதும் இரண்டும் இறங்கி இடத்துக்கு வந்தன. சுருதியை மட்டும் இறக்கும் வசதியைத் தொட்டால் நடை பிழைக்கும். பற்றறி போகப்போக இறங்கியிருந்தால் கசற்றின் தொடக்கம் சரியாகவும் முடிவு உயர்ந்தும் இருக்கும். அதைத் துண்டு துண்டாகத்தான் திருத்த முடியும். இராகங்களைச் சொல்லித் தந்ததும் இந்த ஐயாதான்.

பதிவுக் கருவி தந்த தம்பிக்கும் நன்றி. டெக்கின் லைன் அவுட்டிலிருந்து எடுத்தோம், 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், உச்சம் கழித்தல் 6 டெசிபெல். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜீபி வரும். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக ஆக்கினால் பாதியளவுக்குக் குறையலாம். இரைச்சல் நீக்கும்போது 6 டெசிபெல்லுக்கு மேல் போகவில்லை, போனால் தவிலின் அடி மழுங்கும். 1975இல் காலமான வி. தெட்சணாமூர்த்தியின் தவில் என்று வந்தவை பிரதிக்குப் பிரதி எடுத்தவை, இரைச்சல் கூடத்தான். அவற்றில் கை வைக்கவில்லை. எதைச் செய்தாலும் தொடாத மூலக் கோப்பு தனியாக இருக்கிறது.

கசற்றுகளைத் திரும்ப எடுக்க வருபவர்கள் பென்றைவ் கொண்டு வாருங்கள். எல்லாக் கசற்றிலும் பின்பக்கக் காதுகளை உடைத்துவிட்டோம். இனித் தவறுதலாகவும் மேலே பதிய முடியாது. ஒன்றில் மட்டும் ‘சல்லி, 2ஆம் நாள்’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறது, வருடம் இல்லை. அதன் இரண்டாம் பக்கத்தில் தவில் யார் என்று ஐயாவுக்கும் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் வந்து ஒருமுறை கேட்டுச் சொல்லுங்கள்.