சிங்கிள்டனோடு சிக்னலையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் கணினிப் பக்கத்தில் சிங்கிள்டன் (நிரல் முழுவதற்கும் ஒரே ஒரு ஆப்ஜெக்ட் மட்டும் இருக்கும்படி எழுதும் முறை) பற்றி எழுதும்போது சிக்னலையும் (ஒன்று நடந்ததை நிரலின் மற்ற பகுதிகளுக்கு அறிவிக்கும் வசதி) சேர்த்து எழுதுங்கள், இங்கே பிள்ளைகள் தடுமாறுவது அதில்தான். நெல் கொள்முதலுக்கு க்யூடியில் (ஜன்னல்கள் கொண்ட மென்பொருள் எழுத உதவும் கருவித்தொகுப்பு) ஒரு மென்பொருள் என்று வையுங்கள்: ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதாக ஒரு ஜன்னலில் பதிந்தால் எடை ஜன்னலும் ரசீது ஜன்னலும் உடனே அறிய வேண்டும், அதற்குப் பொதுவாக ஒரே சிக்னல் ஆப்ஜெக்ட் போதும். ஆனால் அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள, பைத்தானில் ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் 'நியூ'வை மட்டும் மாற்றி எழுதினால், அதற்குத் தொடக்க மதிப்புகளைத் தரும் 'இனிட்' ஒவ்வொரு அழைப்பிலும் மறுபடி ஓடும். மாட்யூல், அதாவது ஒரு பைத்தான் கோப்பு, நிரல் ஓடும்போது ஒரு தடவைதான் ஏற்றப்படும் என்பதால் ஆப்ஜெக்ட்டை அதிலேயே உருவாக்கி, மற்ற கோப்புகளில் இம்போர்ட் செய்வதே நேர்வழி. அப்புறம், ஒரே ஸ்லாட்டை (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) சிக்னலோடு இரண்டு தடவை கனெக்ட் செய்தால் ஒரே எச்சரிக்கை இரண்டு தடவை வரும், இதையும் அவசியம் சொல்லுங்கள்.

கணினி ஆசிரியர்,
கும்பகோணம்