மடத்துக்கு உள்ள காவல் ஏரிக்கும் வேண்டும்: யுரீரியா அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மெக்சிகோ நாட்டின் குவானாஹுவாத்தோ மாநிலத்தில், யுரீரியா ஏரிக்கும் அதன் கரையிலுள்ள அகுஸ்தீன் சபை மடத்துக்கும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

வேலை நிமித்தம் உங்கள் மாநிலத்தில் வாழும் தமிழர்களில் நானும் ஒருவன். ஊரிலிருந்து யார் வந்தாலும் யுரீரியாவுக்கு அழைத்துச் செல்வது எங்கள் வீட்டு வழக்கம். இம்மடலை ஸ்பானிய மொழியிலும் உங்களுக்கு அனுப்புகிறேன். இங்குள்ள தமிழர்களும் இதைப் படித்துத் தங்கள் குரலைச் சேர்க்க வேண்டும் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன். ஏரியை ஆகாயத்தாமரை மூடிக்கிடப்பது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல என்பதால் அதை விளக்கிப் பக்கத்தை நிரப்பப் போவதில்லை. மடத்துக்கு நீங்கள் கொடுத்திருக்கும் காவலை ஏரிக்கும் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு வரலாற்றில் இடமே இல்லை. 1548 வாக்கில், தாழ்ந்து கிடந்த சதுப்பு நிலத்துக்கு லெர்மா ஆற்று நீரை வாய்க்கால் வழியே திருப்பி இந்த ஏரியை உண்டாக்கியவர் துறவி தியேகோ தெ சாவேஸ். 1550இல் தொடங்கி அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே எழும்பிய மடமும் அவர் முயற்சியில் பிறந்ததுதான். இரண்டுக்கும் மண்ணும் கல்லும் சுமந்தவர்கள் அந்த நிலத்தின் பூர்வகுடி மக்கள். வடக்கே திரிந்த நாடோடிப் பழங்குடிகளான சிச்சிமேக்கர்களின் தாக்குதலுக்கு அஞ்சிக் கோட்டைபோல எழுப்பிய தடித்த சுவர்களையும், வாயில் முகப்பில் கொடியும் பூவுமாகப் படர்ந்திருக்கும் கல்வேலைப்பாட்டையும், இரண்டு அடுக்குகளாகச் சுற்றிவரும் உள்முற்றத்தின் வளைவுகளையும் நீங்கள் கண்ணும் கருத்துமாகக் காத்து வருகிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. அந்தச் சுவரில் ஒருவர் ஆணியால் கீறினால் அது குற்றமாகிறது. அதே கைகள் உண்டாக்கிய ஏரி கண்ணெதிரே மூச்சடைத்துக் கிடப்பதற்கு மட்டும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

அண்மையில் அங்கே சென்றபோது, மடத்தைப் பார்த்துவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தோம். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் பாய் விரித்திருந்தது. முதியவர் ஒருவரும் அவர் மகனும் படகைக் கரைசேர்க்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். மகன் இடுப்பளவு நீரில் இறங்கி அரிவாளால் வேர்க்கொத்துகளை அறுத்து அறுத்து ஒதுக்க, தந்தை துடுப்பை வைத்துவிட்டுக் கழியால் உந்தினார். அறுத்த இடம் படகு நகர்வதற்குள் மீண்டும் மூடிக்கொண்டது. ஒருவழியாகக் கரை தொட்டபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. படகிலிருந்த கெண்டையும் ஜிலேபி மீனும் கெடத் தொடங்கியிருந்தன. விடியற்காலையில் வந்த மீன் வியாபாரி காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். வலையில் மீனைவிட வேர்தான் அதிகம் ஏறுகிறது என்றும், கிழிந்த வலையைத் தைக்கும் நூலுக்குக்கூட அன்றைய வருமானம் காணாது என்றும் அந்த முதியவர் சொன்னார். அவர் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவருக்கு வராத கோபம் எனக்கு வந்தது, இன்னும் அடங்கவில்லை.

ஆகாயத்தாமரை தானாகக் கொழுப்பதில்லை. லெர்மா ஆற்றின் மேற்பகுதியிலுள்ள டொலூக்கா நகரப் பக்கத்துத் தொழிற்சாலைக் கழிவும், வழியிலுள்ள ஊர்களின் சாக்கடையும், வயல்களில் இட்ட உரமும் அதில் கலந்து வருகின்றன. அந்த ஆற்று நீரைக் குடிக்கும் ஏரியில் அது செழிக்காமல் என்ன செய்யும்? சூடான பருவத்தில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும் செடி அது. அதன் விதைகள் சேற்றுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவே எப்போதாவது ஒருமுறை கரையோரத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு நிறுத்துவது தூய்மைப்பணி ஆகாது. மருந்து தெளித்து அழுகவிடுவதும் தீர்வல்ல. அழுகும் செடி தண்ணீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சி, மிஞ்சியிருக்கும் மீன்களையும் கொன்றுவிடும். எங்கள் தமிழ்நாட்டுக் குளங்களிலும் ஆறுகளிலும் இதே செடியோடு போராடிக் களைத்தவர்கள் நாங்கள். அள்ளுவதை நிறுத்திய மறுபருவமே அது திரும்பி வரும் என்பதை அனுபவித்து அறிந்தே சொல்கிறேன்.

2004ஆம் ஆண்டு இந்த ஏரி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2012இல் ஊருக்குப் ‘புவெப்லோ மாஹிகோ’ (மாய ஊர்) என்ற சுற்றுலாச் சிறப்புத் தகுதியும் கிடைத்தது. தகுதிகளைப் பெறுவதில் உங்கள் நாட்டு அரசுகள் காட்டும் விரைவு, பெற்றதற்குரிய கடமையைச் செய்வதில் ஏன் இல்லை? எந்த நாட்டிலும் சுற்றுலா என்றவுடன் விளக்குகளுக்கும் நடைபாதைகளுக்கும் பணம் கிடைத்துவிடுகிறது, தண்ணீருக்குத்தான் கிடைப்பதில்லை. பயணி ஒரு பகல் இருந்துவிட்டுப் போய்விடுவான். ஏரியை நம்பிப் பிழைப்பவர் எங்கே போவார்?

சற்றுக் கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்க வந்ததைப் பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: மடத்துக்கு உள்ள காவல் ஏரிக்கும் வேண்டும். மடம் ஒரு துறையிடமும் ஏரி வேறு துறைகளிடமும் இருப்பது உங்கள் நிர்வாக வசதி. அது மீனவரின் பாடாக மாறக் கூடாது. ஆண்டு முழுவதும் ஆகாயத்தாமரையை அள்ளுவதற்கு நிலையான நிதி ஒதுக்கி, அந்த வேலையை உரிய கூலியோடு அவ்வூர் மீனவர்களுக்கே கொடுங்கள். எங்கே ஆழம், எங்கே சேறு, காற்று எந்தப் பக்கம் செடியை ஒதுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஏரிக்குள் நுழையும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொறுப்பு யாருடையது, அது எப்போது நிறைவேறும் என்பதை எழுத்தில் அறிவியுங்கள். வரும் ஜூன் மாத மழை தொடங்குவதற்கு முன்பாக, படகுகள் போய்வர ஒரு வழியையாவது திறந்து, அது மூடாதபடி பார்த்துக்கொள்ளுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பதிலை எதிர்நோக்கும்,
யுரீரியாவை நேசிக்கும் தமிழன் ஒருவன்