ராம்சேஸைக் காட்டாத எகிப்துச் சுற்றுலா: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "பரிசீலிக்கிறோம்" என்ற ஒரே வரிதான் பதில்.

நான் பணம் கட்டியது பிரமிடுக்காக இல்லை. கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். பழங்கால எகிப்து அரசர் இரண்டாம் ராம்சேஸின் பதப்படுத்திய உடலில் பூஞ்சை பிடித்து, 1976-இல் பாரிசுக்குக் கொண்டுபோய், காமா கதிர் பாய்ச்சி ஒழித்தார்கள். அந்த உடலைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று பதிவு செய்யும்போதே சொன்னேன். உங்கள் பயணத்திட்டத்திலும் ஆறாம் நாள் "ராம்சேஸ் மம்மி தரிசனம்" என்று அச்சடித்திருக்கிறது.

இறக்கிவிட்டது கெய்ரோ தஹ்ரீர் சதுக்கத்துப் பழைய அருங்காட்சியகத்தில்! அங்கிருந்த அரச மம்மிகள் 22-ம், ராம்சேஸ் உட்பட, 2021 ஏப்ரலிலேயே நைட்ரஜன் நிரப்பிய பெட்டிகளில் ஊர்வலமாக அதே ஊரின் ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள புது அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. உலகமே டிவியில் பார்த்தது. டிக்கெட் விற்கிற உங்களுக்குத் தெரியாதா?

கேட்டதற்கு உங்கள் டூர் மேனேஜர், "கருவாடு மாதிரி காஞ்சு கிடக்கு மேடம், இனிமே கெடவா போகுது? அடுத்த தடவை பாருங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது.

ஐப்பசி மழையில் கருவாட்டுப் பானையைத் திறந்து பார்த்திருக்கிறாரா அவர்? வெள்ளையாகப் பூத்திருக்கும். மம்மியும் அப்படித்தான். குடலை எடுத்து, நாட்ரான் உப்பில் போட்டு ஈரத்தை வற்ற வைத்ததால்தான் நுண்ணுயிர்களுக்கு அங்கே வேலையில்லை. ஈரம் ஏறினால் போதும். சிலி நாட்டு அரிக்காவில் எகிப்துக்கும் முந்தைய சின்சோரோ மம்மிகளின் தோல் கறுத்துக் கூழாக வழிந்தது. ஹார்வர்டில் ஆராய்ந்ததில் கிடைத்தது அபூர்வக் கிருமி இல்லை. நம் தோலில் சாதாரணமாக இருக்கும் பாக்டீரியாதான்.

அடுத்த தடவையாம். எனக்கு வயது 67. என் வாழ்நாள் ஆசையே பாழ்.

பாப்பிரஸ் என்ற கோரைக் காகிதம் விற்கும் கடையைச் சொல்ல மறந்துவிட்டேன். ஃபுஸ்தாத் போக நேரமில்லை என்ற உங்கள் டூர் மேனேஜர், அந்தக் கடையில் இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார். ஊருக்கு வந்தபின் உங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். லிஃப்டும் ஓடவில்லை.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை, தயவுசெய்து கவனியுங்கள். 15 நாளில் முழுப்பணமும் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பார்த்துக்கொள்வோம். பயணத்திட்டமும் தஹ்ரீர் நுழைவுச்சீட்டும் இணைத்திருக்கிறேன்.

அப்புறம், டூர் மேனேஜரின் மன்னிப்பு எழுத்தில் வர வேண்டும். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்