தெள்ளாறு முதல் திருவயிந்திரபுரம் வரை: ஐந்து கற்பலகைகளுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

1231ஆம் ஆண்டை ஒட்டித் தெள்ளாற்றில் சோழப் படை தன் சிற்றரசன் ஒருவனிடமே தோற்றது. பாண்டியப் படையெடுப்பில் ஏற்கெனவே நொடித்துப்போயிருந்த மூன்றாம் இராசராச சோழனைக் காடவர் குலத்துச் சிற்றரசன் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துக்கொண்டுபோய்ச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். (நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம் அல்ல, உளுந்தூர்பேட்டைக்கு அருகே, கெடிலக் கரையில் இருப்பது.) வந்தவாசி–திண்டிவனம் சாலையில் தெள்ளாற்றைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அதே ஊரில்தான் 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் பாண்டியனை வென்று ‘தெள்ளாறெறிந்த நந்திவர்மன்’ ஆனான். காடவர்களும் தம்மைப் பல்லவர் வழி என்றே சொல்லிக்கொண்டவர்கள். கோப்பெருஞ்சிங்கனுக்கு அந்தப் பழைய வெற்றி நினைவில் இருந்திருக்கும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இந்தப் போரைப் பற்றி இரண்டு கற்கள் பேசுகின்றன. வயலூர்க் கல்வெட்டு கோப்பெருஞ்சிங்கன் பக்கத்துப் பேச்சு. சோழனை வென்று சிறைப்பிடித்ததைப் பாட்டாகவே பாடுகிறது. மற்றது கடலூரை அடுத்த திருவயிந்திரபுரம் கோயிலில் இருக்கிறது. சோழனை மீட்க வந்த போசள (ஹொய்சள) மன்னன் வீரநரசிம்மன் பக்கத்துப் பேச்சு. சோழனைத் திரும்ப நிலைநிறுத்தும்வரை ‘இக்காளம் (இந்த ஊதுகொம்பு) ஊதுவதில்லை’ என்று சபதம் செய்து அவன் தன் தலைநகர் துவாரசமுத்திரத்திலிருந்து கிளம்பினான். வழியில் மகர நாட்டை நொறுக்கிவிட்டுப் பாச்சூரில் தங்கி, தண்டநாயகர்கள் (படைத்தலைவர்கள்) அப்பணன், சமுத்திர கோப்பையன் இருவரையும் மேலே அனுப்பினான்.

அவர்கள் போன வழி இந்தத் திருவயிந்திரபுரம் கல்வெட்டில் ஊர் ஊராகப் பதிவாகியிருக்கிறது. எள்ளேரி, கல்லியூர்மூலை, தொழுதகையூர் அழிந்தன. கோப்பெருஞ்சிங்கன் பக்கத்தில் ஈழத்துப் பராக்கிரமபாகு உள்ளிட்ட நால்வர் கொல்லப்பட்டார்கள். இடையில் தில்லையில் பொன்னம்பலத்தைக் கும்பிட்டுவிட்டு, திரும்பவும் அழிப்பு வேலை. திருப்பாதிரிப்புலியூரில் முகாம், திருவதிகை, திருவெக்கரை அழிப்பு, சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடல்வரை ஊர்களைச் சுட்டது, பெண்களைப் பிடித்தது, கொள்ளையடித்தது. இத்தனையும் எதிரி சுமத்திய பழியல்ல. செய்தவர்களே பெருமையாக வெட்டிவைத்த வரிகள். சேந்தமங்கலத்தை நெருங்கும்போது கோப்பெருஞ்சிங்கன் சோழனை விட்டுவிட ஒப்புக்கொண்டான். அவனுக்குப் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. கோப்பெருஞ்சிங்கன் பெயரிலேயே ஆட்சியாண்டு எண்ணும் கல்வெட்டுகளும் உண்டு. எரிந்தது ஊர்கள்தான்.

அந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஊர்ப் பெயர் கல்லில் இருப்பதைத் தெரியப்படுத்துவதே எங்கள் வேலை. தெள்ளாறு, சேந்தமங்கலம், திருவதிகை, திருப்பாதிரிப்புலியூர், திருவயிந்திரபுரம் ஆகிய ஐந்து இடங்களிலும் ஒவ்வொரு கற்பலகை நடப்போகிறோம். அந்தந்த ஊரைப் பற்றிய கல்வெட்டு வரி மேலே, இன்றைய தமிழில் அதன் பொருள் கீழே. வீரபராக்கிரம வசனம் எதுவும் கிடையாது. பழங்கோயில் வளாகங்களுக்குள் எதையும் நட மாட்டோம். பஞ்சாயத்தோ நகராட்சியோ எழுத்தில் அனுமதிக்கும் பொது இடத்தில் மட்டுமே. கூடவே அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு இலவசமாகத் தர 32 பக்கச் சிறுநூல்.

ஒரு பலகைக்குக் கல், எழுத்து வெட்டுக்கூலி, பீடம், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். ஐந்துக்கு 1,10,000. சிறுநூல் 3,000 படிகளுக்கு 60,000. குழுவினர் 40,000 போட்டிருக்கிறோம். மீதி 1,30,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம். நூறு ரூபாய் என்றாலும் ரசீது உண்டு. ரொக்கமாக வேண்டாம், குழுவின் வங்கிக் கணக்கில் போடுங்கள். வரிவிலக்குச் சலுகை எங்களுக்கு இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று. கோப்பெருஞ்சிங்கனைத் தங்கள் சாதிக்காரன் என்று உரிமை கொண்டாடுபவர்கள் பலர். சங்கங்களின் பெயரில் வரும் தொகையை வாங்கமாட்டோம். அதே அன்பர்கள் தனிநபராகத் தந்தால் மகிழ்ச்சியோடு பெறுவோம். கொடுத்தவர் பெயர் எதுவும் கல்லில் ஏறாது. சிறுநூலின் கடைசிப் பக்கத்தில், தொகையைக் குறிப்பிடாமல், அகரவரிசையில் வரும்.

பணம் தர இயலாதவர்கள் வேறு வகையில் உதவலாம். கல்வெட்டுப் பாடத்தை ஒப்புநோக்கத் தெரிந்தவர்கள் தேவை. எழுத்துப் பிழையில்லாமல் வெட்டும் சிற்பி யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். தெள்ளாற்றுப் பக்கம் லாரி வைத்திருப்பவர் ஒரு நடை ஏற்றிக் கொடுத்தால் அந்த வாடகை மிச்சம். அதில் எள்ளேரிப் பள்ளிக்கும் சிறுநூல் அச்சிட்டுவிடலாம்.

இப்படிக்கு,
கற்பலகைக் குழுவினர்