பெயரை அழித்தால் ஆள் மறைந்துவிடுவாரா?

ஆசிரியருக்கு,

வணக்கம். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், பெயரை நீக்கிவிட்டால் தரவை வெளியிடுவதில் பயமில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் அண்ணன் பேத்தி கல்லூரி பிராஜெக்ட்டுக்காக ஒரு எக்செல் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "சின்னத் தாத்தா, இந்தச் சராசரி சரியா பாருங்க" என்று கூப்பிட்டாள். புதுச்சேரியில் யாரோ வீடு வீடாக எடுத்த சர்வே. பெயர் இல்லை, கதவு எண் இல்லை, வார்டு மட்டும் இருந்தது. பார்த்துக்கொண்டே வந்தேன். பெண், வயது 74, கணவர் இல்லை, தனியாக வசிக்கிறார், வருமானம் பிரெஞ்சு பென்ஷன், மாடியில் குடித்தனம். அவ்வளவுதான், ஆள் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கம் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள்) வீடுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அதில் தனியாக இருப்பவர் அந்த அம்மா ஒருவர்தான். அதே வரியில் அவர் உடம்பைப் பற்றியும் ஒரு கட்டம் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். தெருவில் அவரைப் பார்த்தால் இப்போது எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. (வயதையும் இன்னும் ஒன்றிரண்டையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

இது எங்கள் தெருக் கதை மட்டுமல்ல. பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று, 1990 கணக்கெடுப்பை வைத்து லதான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியலாளர் கணக்கிட்டுக் காட்டினார்.

சரி, அதற்காகத் தரவைப் பூட்டி வைத்துவிட்டால் ஆய்வு செய்பவர்கள் எங்கே போவார்கள்? 1993இல் டொனால்ட் ரூபின் என்ற புள்ளியியலாளர் ஒரு வழி சொன்னார். நான் வயதை மாற்றினேனே, அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாமல் கணக்காகச் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதுக்கும் வருமானத்துக்கும், படிப்புக்கும் வேலைக்கும் உள்ள உறவுகளை உண்மைத் தரவிலிருந்து எடுத்து ஒரு கணித மாதிரியாக (model) ஆக்கி, அந்த மாதிரியிலிருந்து புதிய ஆட்களை உருவாக்குவது. அதுதான் செயற்கைத் தரவு. கோப்பில் இருப்பவர் எந்தத் தெருவிலும் இல்லை. ஆனால் ஊரின் சராசரியும் போக்கும் ஏறக்குறைய அப்படியே வரும்.

இதையும் மந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. மாதிரியில் சேர்க்காத உறவு கோப்பிலும் வராது. அபூர்வமான ஆளை அந்தக் கணித மாதிரி அப்படியே நகலெடுத்துவிட்டால், அந்த அம்மா மறுபடியும் வந்து நிற்பார். தானே புயல் மாதிரி ஒன்று அடித்து ஓய்ந்த பிறகு, எந்தக் குப்பத்தில் எத்தனை கூரை போயிற்று என்று கேட்டால் செயற்கைக் கோப்பு உதவாது. அங்கே நேரில் போய்த்தான் எண்ண வேண்டும். அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை ஒரு சர்வேயில் நல்ல ஏற்பாடு செய்தது: ஆய்வாளர் செயற்கைக் கோப்பில் தன் கணினி நிரலை எழுதிப் பார்க்கலாம், அதே நிரலைத் துறையே உண்மைக் கோப்பில் ஓட்டி, முடிவை மட்டும் கொடுக்கும்.

புதுச்சேரிக்காரர்களான நமக்கு இது மற்றவர்களைவிட அதிகம் தேவை. 2011 கணக்குப்படி மாஹேயில் 41,816 பேர், ஏனாமில் 55,626 பேர். இவ்வளவு சிறிய இடத்தில் சாதி, தொழில், வயது மூன்றையும் ஒரே வரியில் வைத்தால் பெயர் எதற்கு? வரும் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படுகிறது.

2011இல் பள்ளியிலிருந்து என்னையும் கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தைச் சொல்லி, "இது வெளியே போகாதும்மா" என்று வாசலுக்கு வாசல் வாக்குக் கொடுத்தவன் நான். தனி ஆள் வாரியான கோப்பு எதையாவது ஆய்வுக்குத் தருவதானால், சிறிய பகுதிகளுக்காவது செயற்கைக் கோப்பாகத் தரட்டும். அது செயற்கை என்று முதல் வரியிலேயே எழுதியும் வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுச்சேரி
(பெயர் போட வேண்டாம். தெருப் பெயரும் வேண்டாம்.)