அரங்கச் செலவை வாரியம் ஏற்கட்டும்

ஐயா, கோவை ஒண்டிப்புதூரில் பன்னாட்டு கிரிக்கெட் அரங்கம் அமைப்பது பற்றிய செய்தியைப் படித்தேன். அரங்கம் வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் அதை மக்கள் வரிப்பணத்தில் கட்டக் கூடாது. 2024 நவம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் ரிஷப் பந்த் ஒருவரே 27 கோடி ரூபாய்க்குப் போனார். 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. வீரர்களின் சம்பளத்தில் எனக்குக் குறை இல்லை. இவ்வளவு பணம் புரளும் விளையாட்டுக்கு அரசு ஏன் செலவழிக்க வேண்டும்?

என் மகள் நீளம் தாண்டுகிறாள். அவள் பயிற்சி எடுக்கும் மைதானத்தில் மணல் குழி இறுகிக் கிடக்கிறது. நாங்களே மண்வெட்டியால் கிளறி, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிய பிறகுதான் தாண்ட விடுகிறோம். அரசு நிலத்தைக் குத்தகைக்குத் தரட்டும். கட்டுமானச் செலவைக் கிரிக்கெட் வாரியம் ஏற்கட்டும். அப்புறம், அந்தக் குத்தகைப் பணத்தை மாவட்டத்தின் மற்ற மைதானங்களுக்கு ஒதுக்கலாம்.

- வாசகர், கோவை